காரின் தாகம்

மோட்டார் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைச் சொல்வார்கள். பெட்ரோல் விலையைச் சொல்லி அலுத்துக்கொள்வார்கள். வர்ணத்தைப் பற்றிக்கூட வாதம் செய்வார்கள். அது குடிக்கிற தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் காரின் சரித்திரத்தில் சரிபாதி தண்ணீரின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தண்ணீர் எப்போது தண்ணீராக இல்லாமற் போயிற்று என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்த விஷயம். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அடியிலிருக்கும் குழாயைத் திறந்து, பழையதை வடித்துப் புதியதை ஊற்றும் பழக்கமுள்ளவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு பின்பக்கமாகப் போய்விடுகிறது. மிச்சமுள்ள பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதை அவ்வப்போது இறக்கி வெளியே அனுப்பாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அத்துடன் வண்டியின் கதை முடிந்தது. கார் என்பது அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டி. அடுப்பு அணையவும் கூடாது, வண்டியை எரித்துவிடவும் கூடாது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ம் வருஷம் ஜனவரி மாதம் தம் மூன்று சக்கர வண்டிக்குப் பேடண்ட் கேட்டு விண்ணப்பம் போட்டார். அவருடைய வண்டியில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. சூடேறினால் கொதிக்கும், கொதித்தால் ஆவியாகப் போய்விடும், போனதை ஊற்றி நிரப்ப வேண்டியதுதான். வீட்டில் பால் பொங்குவது போன்ற ஏற்பாடு. இருந்தாலும் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் நூறு டிகிரிக்கு மேல் அது சூடேறாது. ஆகவே பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் எஞ்சினுக்கு ஆபத்து இல்லை. இருக்கிற வரைக்கும்!

1888ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் அந்த வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, தம் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரத்திலிருந்து புறப்பட்டார். போய்ச் சேர வேண்டிய இடம் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த பிறந்த வீடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதுவரையில் அவ்வளவு நீண்ட பிரயாணம் எந்த மோட்டார் வண்டியும் செய்ததில்லை. இந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு தொப்பி ஊசியைச் சொல்லிவிடுவார்கள். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியிலிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தாராம். வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியதையும் சொல்வார்கள். அந்த மருந்துக் கடைதான் உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை. ஊசி ஒரு தடவை குத்தியதோடு சரி. வழி நெடுக அந்த அம்மாளைப் படுத்தி வைத்தது தண்ணீர். சத்திரம் கண்டால் சத்திரத்தில், ஓடை கண்டால் ஓடையில் என்று நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு ஊசியில் இருக்கிற நாடகம் ஒரு வாளித் தண்ணீரில் இல்லை என்பதால் கதாசிரியர்கள் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் அந்த ஆசை புரிகிறது.

ஓடைத் தண்ணீரை ஊற்றியதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து வழிந்த தண்ணீரை மாடு குடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிராது.

கொதித்துப் போகிற தண்ணீரை வீணாக்காமல், குளிர வைத்துத் திரும்பவும் எஞ்சினுக்கே அனுப்பினால் என்ன என்று பலரும் யோசித்தார்கள். அதற்குச் சரியான விடை கண்டவர் டைம்லர் கம்பெனியில் இருந்த வில்ஹெல்ம் மைபாக். நீஸ் நகரத்தில் வசித்த எமில் யெலினெக் என்ற பணக்காரர், ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கக்கூடிய கார் வேண்டும், அதற்குத் தம் பெண் மெர்ஸிடஸின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தக் காருக்காக மைபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சின்னக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்த பெட்டி அது. குழாய்களுக்குள் காற்று போகும். குழாய்களைச் சுற்றித் தண்ணீர் போகும். பதினெட்டு லிட்டர் தண்ணீர் சுமந்த இடத்தில் ஒன்பது லிட்டர் போதும் என்று ஆயிற்று. 1901ம் வருஷம் மார்ச் மாதம் நீஸ் பந்தயங்களில் மற்ற எல்லோரையும் அந்தக் கார் தோற்கடித்தது. அதற்குப் பிறகு காரின் முகம் என்று ஒன்று உண்டாயிற்று. முன்னால் தெரிகிற அந்த வலைப்பின்னல்தான் முகம். ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்று நாம் சொல்லும் வம்சத்துக்கே அந்தப் பந்தய வண்டியைத் தாத்தா என்று சொல்லலாம்.

தண்ணீர் இப்படி வண்டிக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்ததும் வேறு ஒரு தொல்லை முளைத்தது. ஊற்றி ஊற்றித் தீர்ந்துபோன காலத்தில் வண்டியை நிறுத்தும்போது அதிகத் தண்ணீர் மிச்சமில்லை. இப்போது எப்போதும் நிறைந்து நிற்கிறது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வடக்கு மாகாணங்களிலும் இரவில் நிறைந்து நிற்கிற தண்ணீர் என்றால் என்ன அர்த்தம் என்று நம்முடைய ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. நூறு படி தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றொன்பது படி பனிக்கட்டியாகும். அந்த ஒன்பது படிக்கு எஞ்சினுக்குள் இடம் கிடையாது. இடம் இல்லாவிட்டால் பனிக்கட்டி இரும்பைப் பிளந்து இடம் செய்துகொள்ளும். சாயங்காலம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார், காலையில் வார்ப்பிரும்பில் கை நீளத்துக்கு வெடிப்பு விட்டு நிற்கும்.

இதற்குப் பரிகாரமாக, குளிர்காலத்தில் ராத்திரி தூங்கப் போகுமுன் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுவது வழக்கமாயிற்று. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908ல் வந்தது. அதில் தண்ணீரைத் தள்ளுவதற்குப் பம்ப் கிடையாது, ஆரம்பத்தில் செய்த சில வண்டிகளைத் தவிர. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பி அது ஓடிற்று. லட்சக்கணக்கான குடியானவர்கள் அந்தக் காரை வாங்கினார்கள். ராத்திரி குழாயைத் திறந்து வடிப்பதும், விடிந்ததும் அடுப்படியிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றுவதும் அவர்களுக்கு மாடு கறப்பதைப் போல நித்தியக் காரியம். பல வண்டிகளில் இரண்டு குழாய்கள் இருந்தன: ரேடியேட்டரின் அடியில் ஒன்று, எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் ஒன்று. முதலாவதை மட்டும் திறந்து இரண்டாவதை மறந்தவன் காலையில் தலையில் கை வைத்துக்கொள்வான்.

தினந்தோறும் இந்தப் பாடு படுவதற்குப் பதிலாகத் தண்ணீரில் எதையாவது கலந்து உறையாமல் செய்யலாமே என்று ஆளுக்கொரு பண்டத்தைக் கலந்து பார்த்தார்கள். உப்பு கலந்தார்கள், உறையவில்லை, ஆனால் உலோகத்தை அரித்துத் தின்றுவிட்டது. தேனையும் சர்க்கரைப் பாகையும் ஊற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் பலகாரச் சட்டி ஆயிற்று. கிளிசரின் பரவாயில்லை, ஆனால் கெட்டியானது, விலையும் அதிகம். கடைசியில் சாராய வகைகள் நிலைத்தன. மலிவானவை, உறையாதவை. குறை ஒன்றுதான்: தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அவை ஆவியாகிப் போய்விடும். ஒரு நாள் வெயில் சற்று உறைத்தால் போதும், ஊற்றியது பறந்துவிடும். அடுத்த ராத்திரி உறைபனி வந்தால் எஞ்சினில் இருப்பது வெறும் தண்ணீர்.

இந்த இடத்தில்தான் எத்திலீன் கிளைகால் என்ற திரவம் கதைக்குள் நுழைகிறது. பிரெஞ்சு ரசாயனி வூர்ட்ஸ் அதை 1856ம் வருஷத்திலேயே தயாரித்துவிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதைக் கேட்பாரில்லை. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனிக்குக் கிளிசரின் பஞ்சம் வந்தபோது, வெடிமருந்து செய்வதற்காக இதைப் பெருமளவில் தயாரித்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியார் இதை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார்கள். 1927ல் 'பிரஸ்டோன்' என்ற பெயரோடு காருக்கு ஊற்றும் சரக்காக அது கடைக்கு வந்தது. மாடல் டி காரின் உற்பத்தி நின்றதும் அதே வருஷம்தான். வடிகட்டுகிற யுகம் ஒன்று போய், ஊற்றி வைக்கிற யுகம் ஒன்று வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் திரவத்தின் குணம் விசித்திரமானது. சுத்தமான தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறைகிறது. சுத்தமான கிளைகால் பூஜ்யத்துக்குக் கீழே பதின்மூன்று டிகிரி அளவில் உறைந்துவிடும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தாலோ முப்பத்தேழு டிகிரி கீழே போகிற வரையில் உறைவதில்லை! தனித்தனியாகப் பலவீனமான இரண்டு பேர் ஜோடி சேர்ந்தால் பலசாலியாகிவிடுகிற வேடிக்கை. கொதிநிலையும் உயர்கிறது. சாராயத்தைப் போலப் பறந்து போவதில்லை. ஒரு தடவை ஊற்றினால் குளிர்காலம் முழுவதும் நிற்கும்.

இதன் பெருமையையும் சிறுமையையும் முழுதாகக் காட்டியது கார் அல்ல, ஆகாய விமானம். இங்கிலாந்தில் விமான வடிவமைப்பாளர் மிட்செல் செய்த ஒரு சண்டை விமானம் 1934ல் பறந்தது. அதன் எஞ்சினில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியை இறக்கைகளுக்குள் அனுப்பிக் குளிரச் செய்தார்கள். பென்ஸின் பழைய யோசனைக்குப் புது உடுப்பு. உயரே ஏறும்போதெல்லாம் எஞ்சின் சூடாகித் தொல்லை கொடுத்தது. அந்த விமானம் தேறவில்லை. அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் 1936ல் பறந்த ஸ்பிட்ஃபயர். அதற்குள் அமெரிக்காவிலிருந்து கிளைகால் கிடைக்கத் தொடங்கியிருந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் ஆரம்பத்தில் தண்ணீரே கலக்காத கிளைகாலை ஊற்றினார்கள். தண்ணீரைவிட அதிகச் சூடு தாங்குமாதலால் ரேடியேட்டரைச் சிறியதாகச் செய்ய முடிந்தது. சிறிய ரேடியேட்டருக்குக் காற்றின் எதிர்ப்பும் குறைவு. ஆனால் சுத்தமான கிளைகால் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் கசியும், தீயும் பிடிக்கும். சூட்டைச் சுமந்து செல்வதில் அது தண்ணீருக்கு ஈடாகவும் இல்லை. பிற்பாடு தண்ணீர் எழுபது பங்கு, கிளைகால் முப்பது பங்கு என்று கலந்து, அழுத்தம் கொடுத்து அடைத்து வைத்தார்கள். அழுத்தத்தில் தண்ணீரே நூறு டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பது பிரஷர் குக்கர் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். இன்றைய காரின் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் இருப்பதும் இதற்காகத்தான். எஞ்சின் சூடாக இருக்கும்போது அதைத் திருகினால் குக்கர் மூடியைத் திறந்த கதைதான், முகம் வெந்துபோகும்.

யுத்தம் முடிந்தது. எம்.ஜி. என்ற சின்ன ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்கள் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போயின. இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் சாதாரண வாலிபர்கள். டிரைவர் வைத்துக்கொள்ளும் சக்தி இல்லாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை காரின் அடியில் படுத்துக்கொண்டு தாங்களே ரிப்பேர் செய்வதில் சந்தோஷப்பட்டவர்கள். 1962ல் வந்த எம்.ஜி.பி. காரை 1980 வரையில் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தார்கள்; ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இலையுதிர் காலம் வந்ததும் கிளைகால் கலவையை ஊற்றுவார்கள். வசந்த காலத்தில் வடித்துவிட்டுத் தண்ணீர் விடுவார்கள். குளிருக்காக ஏற்பட்ட சரக்கு, கோடையில் எதற்கு என்ற நினைப்பு.

அந்த நினைப்பு சரியல்ல என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. உறைவதும் கொதிப்பதும் ஒரே நாளில் காரைக் கெடுக்கும். துரு பத்து வருஷம் எடுத்துக்கொண்டு கெடுக்கும். எஞ்சினில் இரும்பு இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, செம்பும் பற்றாசும் இருக்கின்றன. இத்தனை உலோகங்களையும் ஒரே தண்ணீரில் நனைத்து வைத்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். அதைத் தடுக்கத்தான் கூலண்டில் வேறு மருந்துகளைச் சேர்க்கிறார்கள். கிளைகால் எத்தனை வருஷமானாலும் கிளைகாலாகவே இருக்கிறது. அந்த மருந்துகள்தாம் செலவழிந்துவிடுகின்றன. பழைய பச்சை நிறச் சரக்குக்கு இரண்டு வருஷம் கெடு என்று வைத்தார்கள். 1990களில் வேறு வகை மருந்து சேர்த்து, ஐந்து வருஷம் நிற்கும் சரக்குகள் வந்தன. அவற்றுக்கு ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டார்கள். இந்த நிறங்களை நம்பி யாரும் மோசம் போக வேண்டாம். நிறம் வெறும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு சரக்கு இருக்கும். சேராத இரண்டைக் கலந்தால் சில சமயம் கூழாகிக் குழாயை அடைக்கும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், காற்று உறையவும் உறையாது கொதிக்கவும் கொதிக்காது என்று வேறு வழியில் போனவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அவர் வடிவமைத்த வோக்ஸ்வாகனிலும், அவர் பெயரில் 1948 முதல் வந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ரேடியேட்டரே இல்லை. 1963ல் அறிமுகமான போர்ஷே 911 காரும் முப்பத்தைந்து வருஷ காலம் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்ந்தது. ஆனால் புகைக்கும் சத்தத்துக்கும் சட்டங்கள் கடுமையானபோது அவர்களும் வணங்க வேண்டியதாயிற்று. 1997ல் தண்ணீரால் குளிரும் 911 வந்தது. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால். நடுவில் கார் நீளத்துக்குக் குழாய்கள். இந்த மாதிரி வண்டியில் புதுக் கூலண்டை வெறுமனே ஊற்றினால் மேட்டுப் பகுதியில் காற்று சிக்கி நிற்கும். காற்று நிற்கிற இடத்தில் குளிர்ச்சி இல்லை. ஆகவே குழாய்களிலுள்ள காற்றை முதலில் உறிஞ்சி வெறுமையாக்கிவிட்டு, அந்த வெறுமையே கூலண்டை இழுத்துக்கொள்ளும்படி செய்கிற கருவி ஒன்றை உபயோகிக்கிறார்கள். பழைய எம்.ஜி.யில் இந்த வித்தை வேண்டியதில்லை. எஞ்சின் ஆறிய பிறகு, ஹீட்டரைத் திறந்து வைத்து, அடிக்குழாயைத் திறந்தால் போதும். பிளாக்கில் உள்ள குழாயில் வண்டல் அடைத்திருந்தால் கம்பியால் குத்த வேண்டும். பிறகு தண்ணீர் ஹோஸை எதிர்த்திசையில் வைத்து, வெளியே வருவது தெளியும் வரையில் அலச வேண்டும். கடைசியாக நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. வெந்நீர்த் தவலையில் சுண்ணாம்பு படிவதைப் போல உள்ளே படியும். வாலைத் தண்ணீர்தான் வேண்டும்.

இனி அந்த வடிந்த திரவத்துக்கு வருகிறேன். தட்டில் பச்சையாக, பளபளவென்று நிற்கிறது. நாற்றம் இல்லை. ருசி? தித்திப்பு. 'கிளைகால்' என்ற பெயரே தித்திப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எத்திலீன் கிளைகால் உடம்புக்குள் போனதும் முதலில் சாராயத்தைப் போல மயக்கம் தருகிறது. பிறகு ஈரல் அதை ஜீரணிக்கிற முறையில் ஆக்ஸாலிக் அமிலம் உண்டாகிறது. அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கண்ணாடித் தூள் மாதிரிப் படிகங்களாகி, சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. பூனைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியே எமன். நாய்க்கும் குழந்தைக்கும் அதிகம் வேண்டியதில்லை. வைத்தியம் இன்னும் விசித்திரம்: சாராயம் கொடுப்பது! ஈரல் முதலில் சாராயத்தைக் கவனிக்கப் போய்விடும். அதற்குள் கிளைகால் கெடுதல் செய்யாமல் வெளியேறும். 1997ல் அமெரிக்காவில் இதற்கென்று தனி மருந்து அனுமதி பெற்றது.

இதன் பங்காளி ஒருவன் உண்டு, டை எத்திலீன் கிளைகால் என்று பெயர். அவனும் தித்திப்பவன், அவனும் கொல்பவன். 1937ல் அமெரிக்காவில் ஒரு மருந்தைக் கரைப்பதற்கு அதை உபயோகித்து, நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதனால்தான் அந்த நாட்டில் 1938ல் மருந்துச் சட்டம் இறுகியது. 2025ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்களே, அந்த மருந்தில் இருந்ததும் இதுதான். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம் இன்னும் ஒரு வீட்டில் குழந்தையைக் கொல்கிறது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

தித்திப்புக்கு மாற்றுக் கசப்புத்தானே? 1958ல் எடின்பரோவில், உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது டெனடோனியம். உலகத்தில் இதைவிடக் கசப்பான பொருள் தெரியவில்லை. அதைக் கூலண்டில் கலக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சில மாகாணங்கள் சட்டம் போட்டன. 2012ல் அந்த நாட்டு உற்பத்தியாளர்கள் நாடு முழுவதும் கலப்பதாக ஒப்புக்கொண்டார்கள். நல்ல காரியந்தான். ஆனால் கசப்பு, ஒரு வாய் குடித்த பிறகுதான் தெரியும். பூனைக்கு அந்த ஒரு வாயே அதிகம்.

ஆகவே காரை நிறுத்தும்போது நாயைக் கட்டிப்போட்டு, அகலமான தட்டை அடியில் வைத்துக்கொண்டுதான் குழாயைத் திறக்க வேண்டும். அலசிய தண்ணீரிலும் கிளைகால் கலந்திருப்பதால் அதையும் தட்டில்தான் பிடிக்க வேண்டும். செடிக்கும் சாக்கடைக்கும் விடக் கூடாது. வடிந்ததை உடனே கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, இன்னதென்று மேலே எழுதி, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கூலண்டையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். சர்பத் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போன்ற பயங்கரம் வேறில்லை. தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். புதியதை ஊற்றி எஞ்சினைச் சற்று நேரம் ஓட விட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியிட்டு வரும். மறுநாள் காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். மட்டம் இரண்டு விரல் இறங்கியிருக்கும். அந்த இரண்டு விரலையும் நிரப்ப வேண்டும்.